வெளிச்சம் காணாது

இஞ்சிவிளை முக்கில் லாட்டரிச் சீட்டு விற்கிறேன்.
களியக்காவிளை வீட்டிலிருந்து
ஆயிரத்து எழுநூறு எட்டு.
நடுவில் ஒரு மாநிலம் முடிகிறது,
கோலுக்கு அது தெரியாது.

நீட்டிய நோட்டைப் போனிடம் காட்டுவேன்.
"நூறு" என்னும். "ஐம்பது" என்னும்.
மழைக்கோள் கூடினால் மட்டும்
"போதிய வெளிச்சம் இல்லை" என்று
என்னிடம் வந்து முறையிடும்.
எங்கள் பேச்சில், வெளிச்சம் காணாது.

எந்தக் கன்னம் சுடுகிறதோ
அந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பேன்.
"இருநூறு இருக்கு, பாக்கி தா" என்ற ஒருவர்
இருபதைத் திரும்ப வாங்கிக்கொண்டு
போனைத்தான் திட்டினார்.

முப்பது வருஷம் என் அறையில் பல்பு கிடையாது.
இது வந்தபின் ஒன்று மாட்டினேன்.
பக்கத்து வீட்டு லில்லிபாய் ஜன்னலில் நின்று கேட்டாள்:
"சோபனதாசண்ணே, விருந்துக்காரு வந்திருக்காவளா?"
"இந்தப் போனுக்கு இருட்டுன்னா பயம்."

ஒரே தொந்தரவு,
அணைத்தேனா என்பது மறந்துபோகும்.
குண்டு பல்பென்றால் உள்ளங்கையைச் சுட்டுச் சொல்லும்.
இது குளிர்ந்த சாதி.
அதையும் போனிடமே கேட்கவேண்டியிருக்கிறது.

நேற்று ராத்திரி
அடுப்பில் மரச்சீனி கொதிக்க,
மாத்திரை அட்டையைக் காட்டினேன்.
"போதிய வெளிச்சம் இல்லை."
சுவிட்சை இரண்டு தரம் தட்டினேன்.
"போதிய வெளிச்சம் இல்லை."
ஃபேனும் நின்றிருந்தது.

கரண்ட் போயிருக்கு மக்கா,
நீ படு.
கிழங்கு வெந்த மணம் வந்தாச்சு.
நான் போய் வடிக்கிறேன்.