விட்டுவிட்டுப் போதல்

பெரியகடையில் கறுப்பு நூல் ஒன்று கேட்டேன்.
"பொத்தான் தைக்கவோ?" என்றார் அருமைநாயகம்.
பதினொரு வருசமாய் அவரிடம்
பச்சையில் மட்டும் ஏழு விதம் வாங்குகிறவள் நான்.

குறொஸ் ஸ்ரிச்சில் கிளி, செவ்வரத்தை,
ஒருமுறை முழு மயில்.
பெருக்கல் குறி பெருக்கல் குறியாய்
துணியை மூடிக்கொண்டே போனவை.
பிழைத்தால் மேலே இன்னொரு நிறம்.
பின்பக்கம், சொல்லக்கூடாது,
நூல் பாய்ந்து முடிச்சு விழுந்து
சட்டத்துக்குள் ஒளித்துவைத்த சங்கதி.

இதில் துணி தெரிய வேண்டுமாம்.
இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே,
வழி நெடுக விட்டுவிட்டுப் போய்
போன துளைகளாலேயே திரும்பி வந்து
விட்டதை நிரப்ப வேண்டும்.

பகல் முழுக்க ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில்
வெண்குருதிக் கலங்களை எண்ணுகிற எனக்கு
எண்ணத் தெரியாதென்று
கொக்குவில் வீட்டு யன்னலோரம் தெரியவந்தது.
எங்கேயோ மூன்று இழை எடுத்திருக்கிறேன்,
போகும்போது.
திரும்பினால் கோடு கோட்டைச் சந்திக்கவில்லை.
பிரித்தேன்.
வெள்ளையில் சாம்பல் பஞ்சு.
ஈரத்துணி, பாண் துண்டு, செலோரேப்,
ஒன்றுக்கும் போகவில்லை.

கரண்ட் போனது. நல்லது.

பதினாறு இரவு. உள்ளங்கை அளவு.
எட்டுமுனை நட்சத்திரங்கள், நடுவே வெறும் துணி.
அந்த வெறுமையையும் நான்தான்
எண்ணி வைத்தேன்.

சட்டம் போடும் மரியதாஸ் புரட்டினார்.
மறுபடி புரட்டினார்.
"எது அக்கா முன்பக்கம்?"

சாம்பல் மூலை இரண்டிலும் தெரிந்தது.
நாளைக்குச் சொல்கிறேன் என்று
துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.