அக்கரை வரைக்கும்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்த
இருபது நிமிஷத்தில் கணக்கைத் திரும்பப் போட்டோம்.
பந்திக்கும் பந்தலுக்கும் போக
கையில் நாலாயிரத்து முந்நூறு.

"எத்தன பேரு?" என்றார் இங்கர்சால்,
சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமல்.
நூற்றிருபது. அரவை மில் களம். கூரையில்லை.
"ரெண்டு பாக்ஸ், ஒரு மைக். பேஸ் வேணாம்,
மில்லுத் தகரந்தான் ஆடும்."
அதியன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தான்.
இரைச்சல் குறைவு. ஒயருக்குத் தனி வாடகை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்:
வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்குமா?

நிமிர்ந்தார்.
அக்கரையில் யார் வீடு என்று கேட்கவில்லை.
ஊருக்கே தெரியும்.

பரணிலிருந்து ஒரு குழாயை இறக்கினார்;
வாயில் குளவிக்கூடு. தட்டி உதிர்த்தார்.
"பாட்டுக்கு ஆகாது. பேச்சு போவும்.
ஆத்துல தண்ணி கெடந்தா இன்னும் நல்லாப் போவும்.
இதுக்குக் காசு வேணாம்."

ஞாயிறு சாயங்காலம்
அதைத் தென்னையில் கட்டி
அப்பா வீட்டுப் பக்கம் திருப்பினான் அதியன்.
மைக்கை ஊதினேன். மில் நாய் குரைத்தது.
முக்கால் பக்கம் எழுதி வைத்திருந்தேன்,
தாள் புடவை மடிப்பிலேயே இருந்தது.

"பந்தி ஆரம்பிச்சாச்சு," என்றேன்.
"ரெண்டு எலை தனியாப் போட்டிருக்கு."