எண்ணூர், எண்ணூற்றுப் பதினாலு

மீட்டர் நம் வீட்டு நடையில்.
வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு
கேட்டைச் சாத்தாமலே போய்விட்டார் கணக்கெடுப்பவர்.
சேதி மட்டும் பிராட்ஃபோர்டுக்குப் பறந்தது,
இணைப்பு உன் பெயரில் என்பதால்.

இரவு வேலை முடிந்து
பஸ்ஸில் கண் சொருகும் நேரம் உனக்கு.
"இன்னாக்கா, எண்ணூத்திப் பதினாலா?"
"ஆமாண்டா, எண்ணூர்லதான் இருக்கேன், வேற எங்க போவேன்?"
என் காதில் ஊர்ப்பெயர்தான் விழுந்தது, தயாளா.
நீ சிரிக்கவில்லை.
"ஐயாயிரத்துச் சொச்சம்க்கா.
மாசிப் பனியில எவனாவது ஏசி போடுவானா?"

நியாயம்தான்.
ஆனால் இங்கே பனி தனியாக இறங்குவதில்லை.
விடியலில் துடைத்த தண்ணீர்த்தொட்டி மூடியில்
பத்து மணிக்குத் தன்ஷிகா விரலால் பூனை வரைகிறாள்.
கொடியில் காயும் உன் மச்சானின் வெள்ளைச் சட்டை
சாயம் போடாமலே நிறம் மாறுகிறது.
ஜன்னலைத் திறந்தால் அவள் நெஞ்சில்
பஞ்சர் ட்யூபில் காற்றடிக்கிற சத்தம்.
ஜன்னலைச் சாத்தியே வையுங்க, என்றார் டாக்டர்.
சாத்தினோம்.
சாத்திய ஒற்றை அறையில் நாலு பேர் எப்படித் தூங்குவது என்று
சீட்டில் அவர் எழுதவில்லை.

பின்பக்கம், கால்வாய்க்கு அந்தாண்டை,
யார் யாருக்கோ கரண்ட் காய்ச்சுகிறார்கள்.
பாலெல்லாம் ஊருக்கு,
அடிப்பிடித்த பாத்திரம் நமக்கு.
அதைத் தேய்த்துக் கழுவத்தான்
அவர்களிடமே யூனிட் யூனிட்டாய் வாங்குகிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை.
"ஃபிரிட்ஜ் பழசுடா" என்றேன்.
"மாத்திடு" என்றாய்.

போன ஞாயிறு வீடியோவில் வந்தாயே,
உன் வாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை.
மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு மாமன், உனக்கு சிகரெட்டா என்று
தெருவே கேட்கக் கத்தினேன்.
நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய்.
வெறும் மூச்சு.
வீட்டுக்குள்ளே, கட்டிலில்,
ஜாக்கெட்டின் மேல் போர்வை, தலையில் குல்லாய்.
"ஹீட்டர் கெட்டுப்போச்சு, ஆளுக்குச் சொல்லிருக்கோம்."
உன் அறைக்காரன் லாரன்ஸ், பொய் பழகாத பையன்,
பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்:
"நல்லாத்தான் இருக்குக்கா.
பத்து பவுண்டு ஏத்துனா ரெண்டு நாள் தாங்க மாட்டேங்குது.
ஆறு மணிக்கு மேலதான் போடுறது."

எனக்குப் பழைய ஃபிரிட்ஜ்.
உனக்குக் கெட்டுப்போன ஹீட்டர்.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான் நாம்.

அன்று ராத்திரி டைமரை இரண்டு மணிக்கு வைத்தேன்.
இரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்,
தோள் ஏறி ஏறி இறங்க.
மறுபடி போட்டேன்.
ரிமோட்டின் அந்தச் சின்ன 'பீப்'
உன் அறையில் யாரோ எதையோ அணைக்கிற மாதிரி கேட்டது.

நேற்று நீ அனுப்பிய ரசீதை இப்போதுதான் விரித்துப் பார்த்தேன்.
பணம் கட்டியது பன்னிரண்டு நாற்பது.
என்னைக் கூப்பிட்டது ஒரு மணி.
கட்டிவிட்டுத்தான் கேட்டிருக்கிறாய்.

காலையில் மின்வாரிய ஆபீசுக்குப் போய் வந்தேன்.
இணைப்பை என் பெயருக்கு மாற்றப் போகிறேன்.
இனி சேதி எனக்கு வரட்டும்.
எண்ணூறோ தொள்ளாயிரமோ
நானும் மீட்டரும் பேசிக்கொள்கிறோம்.
கவுண்டரில் இருந்த அம்மா
ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.
எப்போ வருவார்?"

மற்ற கட்டமெல்லாம் நிரப்பிவிட்டேன்.
நாலாய் மடித்து
வெள்ளை அட்டையோடு வைத்திருக்கிறேன்,
சாம்பல் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்.