பட்டியலில் மிச்சம்

புளியரை எடைமேடையில்
சாரல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.
வைக்கோல் லாரிகள் ஏழு,
தார்ப்பாய் போர்த்தி, மூக்கை மேற்கே வைத்து நின்றன.
கடைசி லாரியின் டிரைவர் மட்டும்
அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஹாரனைத் தொட்டான்,
அழுத்தாமல், ஞாபகப்படுத்துகிற மாதிரி.

புது மென்பொருள் ஏற மறுத்தது.
பழையது இருக்கிறது, முதலில் அதை எடு என்றது.
பழையது இல்லை.
போன வருஷம் இடி விழுந்து டிஸ்க் வெந்தபோது
குடியிருந்த டி டிரைவோடு அதுவும்
பழைய இரும்புக்குப் போயாயிற்று.
பட்டியலில் மட்டும் உட்கார்ந்திருந்தது:
ஜோயி வெயிட், இரண்டு புள்ளி ஒன்று.
படம் உதிர்ந்த வெள்ளைக் கட்டம்.
அளவு காலி. தேதி மட்டும் சுத்தமாக.

நீக்கு என்றேன்.
நீக்கும் கோப்பைக் காணோம் என்றது.
தன்னை அழிக்கும் வழியையும்
கூடவே எடுத்துக்கொண்டு போனவனை
எங்கே பிடித்து அழிப்பது?

கோமதிநாயகம் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
"ரேஷன் கார்டுல செத்தவன் பேரு நிக்குமே, அதுமாதிரியா?"
இல்லை அண்ணாச்சி.
செத்தவனுக்கு ஒரு சர்டிபிகேட்டாவது இருக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
கிளை, கிளைக்குள் கிளை,
நெளிந்த அடைப்புக்குறிக்குள் முகமில்லாத எண்கள்.
அறுபத்துநான்கு பிட் பக்கம் தேடினேன். இல்லை.
முப்பத்திரண்டு பிட் ஆட்களுக்கு
இதே மெஷினில் தனித் தாலுகா உண்டு;
இந்தப் பக்கம் பேர் இல்லாதவன் அந்தப் பக்கம் இருப்பான்.
கணவாய் தாண்டி ஆரியங்காவில் விசாரிப்பதுபோல்
அங்கே போய்த் தேடினேன்.
இருந்தான்.

வெளியிட்டவர்: ஜோயிக்குட்டி, புனலூர்.
இடம்: இல்லாத டிரைவ்.
உதவிக்கு: ஒரு போன் நம்பர்.

அதை வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது.
அண்ணாச்சி அழுத்திவிட்டார்.
மலைக்கு அப்பாலிருந்து ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல்:
ரப்பர் தைகள், எத்ர வேணும்?
ஜோயியோ? அங்ஙனெ ஆரும் இல்ல சேட்டா.
தையின்டெ காரியம் பற.

போனை மேஜையில் குப்புற வைத்தார்.
கொஞ்ச நேரம் ஹாரனும் கேட்கவில்லை.
பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல்:
"மீதி எட்டாயிரம். ஓணத்துக்கு வாறேன்னான்.
வந்தான்.
தென்காசி போயிருக்காருன்னு
பையனை விட்டுச் சொல்லச் சொன்னேன்.
இந்த ரூம்லதான் இருந்தேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன் செருப்பு போடுத சத்தம்
கேட்டுச்சு."

வலது சொடுக்கு. முதலில் ஏற்றுமதி:
எதை அழித்தாலும் ஒரு நகல் எடுத்துவைப்பேன்.
தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.
பிறகு நீக்கு.
நிச்சயமாகவா என்று கேட்டது.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் ஜன்னல் வழியே காலி மேடையைப் பார்த்தார்.
மழை மட்டும் ஏறி நிற்க
சிவப்பு எண்களில் இருபது கிலோ,
நாற்பது, மறுபடி இருபது.

ஆம்.

கீழ்வரிகள் ஒரு படி மேலேறி மூடிக்கொண்டன.
மேலே ஜாவா, கீழே ஏதோ ஒரு கோடெக்,
நடுவில் யாரும் எழுந்துபோன தடம் இல்லை.

முதல் லாரி ஏறியது.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
"வைக்கோல் நனைஞ்சிருக்கு,
தண்ணிக்கும் சேர்த்தா கணக்கு?" என்றான் டிரைவர்.
யாரும் பதில் சொல்லவில்லை.

என் கூலி முந்நூறு. உடனே கொடுத்தார்,
இரண்டு தடவை எண்ணி.
ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மழையில் ஓடிவந்து
ஒரு எடைச்சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார்.
"அந்த நம்பரை இதுல எழுதிக் குடு தாயி."
அது நர்சரி நம்பர் அண்ணாச்சி.
"தெரியும்," என்றார்.
"எழுது."