எட்டரை மணித் தொடரைப் பற்றி எங்கள் லயத்தில்

அறுபத்திரண்டாம் ஆண்டுக் கொழும்பு.
கோட்டையில் ஒரு மாடி, கண்ணாடிக் கதவு, சுருட்டுப் புகை.
விளம்பரம் எழுதுகிறவர்கள்
மேசைமேல் கால் போட்டு யோசிக்கிறார்கள்.
இங்கே பொகவந்தலாவையில்
ஞானசௌந்தரியின் காம்பராவில் பதினோரு பேர்.
கட்டிலில் ஐந்து,
மிச்சம் தரையில், விரித்த சாக்கில்.

கதாநாயகன் பெயர் ரெஜினோல்ட்.
சிங்களத்தில் பேசியதன்மேல் தமிழை ஊற்றியிருக்கிறார்கள்;
வாய் மூடிய பிறகும் ஒரு சொல் மிஞ்சி நிற்கும்.
"ஆளுக்கு ரெண்டு நாக்கு" என்று விக்டர் எரிச்சல்படுவான்.
"அந்த வேலைக்கு அது வேணுமே" என்றாள் தவமலர்.

சந்தனத்துக்குக் கோட்டு மட்டும் போதும்.
கதை எங்கே போனாலும் மடிப்பு கலையவில்லையாம்.
"யாரு தேய்க்கிறா?
இத்தனை வாரத்துல ஒரு டோபியைக் காட்டுனானா?"
இது மருதாயி அக்கா.

தட்டச்சு செய்யும் மிஸ் டொரத்தியைப் பற்றி இரண்டு கட்சி.
அவள் சொன்ன யோசனையை
அவர் தன் வாயால் சொல்லிக் கைதட்டல் வாங்கிய அன்று
யோகராணி தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.
"நம்ம தலைவருமாருதான்" என்று
பீலியடியில் கை கழுவிக்கொண்டே சொன்னது
உள்ளே எல்லோருக்கும் கேட்டது.
அவள் புருஷனும் தோட்டக் கமிட்டித் தலைவர்தான்.

போன வாரம் கதைக்குள் தேயிலை வந்தது.
லண்டன் கம்பனி, புதுப் பெட்டி,
பெட்டிக்கு ஒரு வசனம் வேண்டும்.
மூன்று ராத்திரி ரெஜினோல்ட் தூங்கவில்லை.
விஸ்கி, ஜன்னல், மழை, மறுபடியும் விஸ்கி.
கடைசியில் ரயிலேறி நம்ம பக்கம் வருகிறார்.
ஹட்டனில் இறங்கி,
மூடுபனியைப் பார்த்தபடி எழுதுகிறார்:
'மலையின் மௌனம், உங்கள் கோப்பையில்.'

இரண்டு நொடி காம்பரா சும்மா இருந்தது.
பிறகு கூரைத் தகரம் அதிரச் சிரிப்பு.
மௌனமாம்!
விடியலில் பெரட்டுத் தப்பு,
அதற்குமேல் கங்காணியின் தொண்டை,
பிள்ளைக்காம்பராவில் பால் கேட்டு ஒன்று அழ
அதைப் பார்த்து மற்றது எல்லாம்,
ஸ்டோரில் இராப்பகலாக ரோலர்.
"அந்தாளு காதுல பஞ்சு வச்சிருந்தானோ?"

பெட்டியில் வரைந்த பெண்ணுக்கு
மருதாயி அக்கா சொன்ன குறையே அரை மணி நேரம்.
கூடைக் கயிறு தலையில் இல்லை, கழுத்தில்.
கிள்ளுவது முத்தல் இலை.
கண்ணாடி வளையல், வாதில் பட்டால் நொறுங்கும்.
காலில் பேருக்கு ஓர் அட்டை இல்லை.
"இப்பிடிச் சிரிச்சுக்கிட்டே பறிச்சா அரைப்பேருதான்."

இடைவேளையில்
இன்றைய தேயிலை விளம்பரம் ஒன்று வந்தது.
அதே சிரிப்பு. இந்தத் தடவை கலரில்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஞானசௌந்தரி பிளேன்டீ ஊற்றினாள்,
சாயம் மட்டும் இறங்கும் தூள்,
சீனி தனியாக, உள்ளங்கையில்.

என்னைக் கேட்டால்,
அந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது.
அங்கே சொல்லவில்லை, சிரித்தவர்களோடு சிரித்தேன்.
மறுநாள் ஏழாம் நம்பர் மலையில்
பனி இறங்கி, பக்கத்து நிரையில் ஆள் தெரியாமல் போய்,
கங்காணி இருமலுக்கு நிறுத்திய இடத்தில்
அரை நிமிஷம் இருந்தது அது,
அவர் எழுதியது.
பிறகு இருமல் முடிந்தது.

சாயங்காலம் நிறுவையில் எண்ணிப் பார்த்தேன்.
ரெஜினோல்ட்டுக்கு நாலு சொல். ஒரு கார்.
நானும் நாலு சொல்தான் சொன்னேன்:
"ரெண்டு கிலோ குறையுது, ஐயா."
ஈரத்துக்கு வெட்டியது என்றார் கிளார்க்கர்,
தராசைப் பார்க்காமல்,
அடுத்த படங்கை இழுத்துக்கொண்டே.

இந்த வெள்ளிக்கிழமை
மிஸ் டொரத்தி வேலையை விடப்போகிறாளாம்,
முன்னோட்டத்தில் காட்டினார்கள்.
இனி இந்தக் கண்றாவியைப் பார்க்கமாட்டேன் என்ற யோகராணி
மத்தியானமே வந்து
கொழுந்துக் கறை விரலால் கதவைத் தட்டினாள்.
"கட்டில்ல எனக்கு ஓர் எடம் பிடி.
மழை வந்தா டிஷ்ஷைத் திருப்ப
விக்டரை வெளியவே நிக்கச் சொல்லு."