வண்டி எடை

மில்லின் எடைமேடையில் எனக்கு வேலை.
குலை ஏற்றி வரும்போது லாரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்,
நடுவில் இருப்பதற்குத்தான் காசு.
பதினோரு வருடமாய் எழுதித் தருகிறேன்.

சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது திரைக்கதை.
காட்சி ஒன்று. உள்ளே. இரவு.
கார்பன் நீலம் விரலில் ஏற ஏற
தொண்ணூற்றாறு காட்சிகள்.
கோலாலம்பூரில் இரண்டு கம்பெனிக்கு அனுப்பினேன்.
ஒன்று பதில் போடவில்லை.
மற்றது, "கொஞ்சம் நகைச்சுவை சேர்க்கலாமா, மேடம்?"
சாவு வீட்டுக் கதை அது.
சேர்த்தேன். பிறகு எடுத்தேன்.

கூட்டு எடுத்த பணம், இரண்டாயிரம் வெள்ளி.
தெலுக் இந்தானில் ஆ கியோங் அச்சகம்.
தமிழ் தெரியாது அவருக்கு, மலாயில் பேசிக்கொண்டோம்.
கல்யாணப் பத்திரிகை அடித்த பழக்கத்தில்
அட்டையின் நாலு மூலையிலும்
தங்க நிறத்தில் மாங்காய் வைத்துவிட்டார்.
சாந்தரூபியின் ரூ குறுகி ரு ஆகியிருந்தது.
இருநூறு பிரதி.

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
முறுக்கு விற்கும் தேவசேனையக்கா
மேசையில் ஓர் ஓரம் கொடுத்தார்.
"யாருக்குக் கல்யாணம்?" என்றவர்கள் ஒன்பது பேர்.
ஒருவர் கடைசிவரை புரட்டிவிட்டு
"பாட்டு எங்கேம்மா?" என்றார்.
எண்ணெய்க் கறையோடு மூன்று விற்றது.

படம் பார்த்துத்தான் கற்றேன்.
ஊத்தான் மெலிந்தாங்கில் வேறு யார் சொல்லித் தருவார்கள்?
ஒரே டிவிடி, சத்தத்தை அணைத்து, பதினேழு தடவை.
உறையில் வேறு படத்தின் பெயர்;
தலைப்பு வரும் இடம் கீறலில் தாவிவிடும்.
இன்றுவரை அது என்ன படமென்று தெரியாது.
ஏழு வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான் அவன்.
அவள் திரும்பவில்லை.
முதலில் அடுப்பைத் தணிக்கிறாள்.
அணைக்கவில்லை, தணிக்கிறாள்.
என் கதையிலும் ஒருவன் வந்து நிற்பான்.
அங்கே நான் ஒன்றரைப் பக்கம் பேசவிட்டிருந்தேன்.

குணாளனின் லாரி வரிசையில் நாலாவது.
பிரதி வாங்கினான், முதலில் விசிறிக்கொண்டான்,
பிறகு பக்கத்து லாரிக்குக் கேட்க வாசித்தான்.
"என் உள்ளத்தின் ஆழத்தில்" என்று அவள் தொடங்கும்
இடமெல்லாம் தாவினான்.
பக்கத்து வீட்டுக்காரி வந்து,
"சோறு எடுத்து வச்சிருக்கேன்" என்பதை மட்டும்
இரண்டு தடவை வாசித்தான்.
இரண்டாம் தடவை அவன் சிரிக்கவில்லை.
கண்ணாடிக்குள் இருந்து நான்
அவன் தாவியதையெல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தேன்.
மேடையில் ஒரு லாரி, எடை போட ஆளில்லாமல்
ஹாரன் அடித்தது.

தியேட்டர் இருந்த கட்டடம்
இப்போது பறவைக்கூட்டு வியாபாரம்.
சன்னலெல்லாம் சிமெண்ட், உயரத்தில் ஒரு பொந்து,
ஒலிபெருக்கியில் விடிய விடிய குருவிச் சத்தம்.
மாலை ஏழு மணிக்கு
அந்தப் பொய்க்குரலை நம்பி நிஜக் குருவிகள்
கூட்டமாய் இறங்கி உள்ளே போகின்றன.
போய், தங்கள் எச்சிலால் கூடு கட்டுகின்றன.
மோட்டாரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன், தூறல் விழும்வரை.
தொண்ணூற்றாறு காட்சியில்
ஒரு குருவி இறங்க ஒரு வரி இருக்கிறதா?
சோறு எடுத்து வச்சிருக்கேன்.
சரி, ஒன்று.

இப்போது அறுபத்திரண்டு காட்சி.
கட்டிலுக்கடியில் நூற்று நாற்பத்தெட்டுப் பிரதி.
இரவில் ஒவ்வொன்றாய் எடுத்து
முதலில் ரூவை நீட்டுகிறேன்,
பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு.
அவளை என்ன செய்யச் சொல்வது?
அடுப்பு அந்தப் படத்துடையது, எடுக்க மாட்டேன்.
தவிர, சாவு வீட்டில் அடுப்பு எரியாது.
கோட்டுக்குப் பக்கத்தில்
நாலு விரல் இடம் விட்டு வைத்திருக்கிறேன்,
எல்லாப் பிரதியிலும்.

முதல் லாரி ஏழு மணிக்கு.