ஓட்டிலியா

ஓட்டிலியா,
உன் பெயரை என் மொழியில் சொன்னால்
கேள்வி போலக் கேட்கிறது.

அப்பென்செல்லில்
ஏப்ரல் கடைசி ஞாயிறுதோறும்
கணவனின் வாளைத் துலக்கிக் கொடுத்தாய்.
ஆண்களுக்கு வாள்தான் வாக்குச் சீட்டு.
நீ கயிற்றுக்கு வெளியே
குடையோடு நின்றாய்.

தொண்ணூறிலும் கேட்டார்கள்:
பெண்களுக்கும் தரலாமா?
தூக்காத கைகளில்
உன் வீட்டுக் கையும் ஒன்று.
அன்றிரவும் சூப் ஊற்றினாய்,
உப்பை மட்டும் மறந்து.

பிறகு நீதிபதிகள் சொன்னார்கள்:
சாசனத்தில் ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம்,
‘குடிமக்கள்’ என்பதற்குள்
அவளும் இருக்கிறாள்.
அத்தனை வருஷம்
அந்தச் சொல்லுக்குள்ளேயா இருந்தாய்,
மூச்சு விடாமல்?

மறு ஏப்ரல்.
முதல் தீர்மானம் ஏதோ சாக்கடை வரி.
பால் கறந்து காய்த்த கை
காதுவரை போய்த் தயங்கி
மேலே போனது, வரிக்கு எதிராக.

பக்கத்தில் அவன்.
இடுப்பில்
துலக்காத வாள்.